உப்பில்லாத உருண்டை

பூனைக்குக் கருவாட்டு உப்பு ஆகாது. உப்பு சேர்ந்தால் முடி கொட்டும் என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, நான் அதை நம்பினேன். நெத்தலிக் கருவாட்டின் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைப்பேன். மூன்றாவது தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கொஞ்சம் கரித்தாலும் நாலாவது தண்ணீர். பிறகு அவித்து, பழைய சோற்றோடு சேர்த்து அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, ஒரு தகர மூடியில் பரப்பி அடுப்புக்கு மேலே காயவைப்பேன். இரண்டு நாளில் வெளியே காய்ந்துவிடும், உள்ளே மெத்தென்று இருக்கும். ஒரு மூடி உருண்டை ஒரு கிழமைக்கு, ஏழு நாளைக்கும் போதும்.

ஒரு பூனைக்கா இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. கேட்கிறவர்கள் யாரும் எலி ஓடுகிற அறையில் பதினெட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததில்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து ஐம்பதுகளில், இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், நான் பிள்ளைக் காம்பராவுக்கு ஆயாவாக இருந்தேன். தாய்மார் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போகிற வழியில் கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. நீளமான ஒரே அறை, மூலையில் அடுப்பு, உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தொட்டில்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்திருந்தேன், சொந்தப் பிள்ளை இல்லை, பிள்ளைகளை அதட்ட வாயும் இருந்தது. அதனால் அந்த வேலையைக் கொடுத்தார்கள். அரிசி மூட்டையும் பால்மா டின்னும் இருக்கிற அறைக்கு எலி வராமல் இருக்குமா? ஒரு தொட்டில் பிள்ளையின் கால் விரலைக் கடித்தே விட்டது. அதற்குப் பிறகுதான் இடது காது கிழிந்த ஒரு சாம்பல் பூனை தானாக வந்து சேர்ந்தது. நான் பேர் வைக்கவில்லை. "ஏய்" என்றால் வரும்.

அது எலி பிடித்தது, நான் உருண்டை பிடித்தேன். கொழுந்து பறிக்கிற பெண்கள் வாசலில் நின்று கேலி பேசுவார்கள்.

"ஏங்க ஆயாம்மா, பூனைக்குப் பலகாரமெல்லாம் செய்யிறீங்களாமே, எங்களுக்கு இல்லீங்களா?"

"நீயும் நாலு எலி புடிச்சுக் குடு, ஒனக்கும் உருட்டித் தாறேன்" என்பேன்.

ஒருத்தி மட்டும் சிரிக்கமாட்டாள். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவள் அவள். மூன்றாவது ஒரு பெண் குழந்தை, அப்போது ஒன்றரை வயது. குழந்தைக்கு அடிக்கடி மூச்சிளைப்பு வரும். பூனை முடிதான் காரணம் என்று அவளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் கூடையோடு வாசலில் நின்று கத்தினாள்.

"ஒங்க பூன முடி எம்புள்ள நெஞ்சுக்குள்ள போயிருச்சு. இதுவும் போயிருச்சுன்னா நீங்களா பெத்துத் தருவீங்க?"

பிள்ளை இல்லாத என்னிடம் அப்படிக் கேட்டால் நான் சும்மா இருப்பேனா? நானும் திருப்பிச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. அவள் கணக்கப்பிள்ளையிடம் போய் முறையிட்டாள். மலையில் வேலையை மேற்பார்ப்பதோடு எங்கள் காம்பராவையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பூனையை உள்ளே விடக்கூடாது, தீனியும் போடக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டுப் போனார்.

நான் கேட்கவில்லை. வீம்புதான், வேறு ஒன்றும் இல்லை. அடுப்புக்கு மேலே எல்லோர் கண்ணிலும் பட்ட தகர மூடியை எடுத்து, அரிசி மூட்டைக்குப் பின்னால் சுவரோரம் ஒளித்தேன். அங்கே ஒரு சின்னச் சன்னல் உண்டு. பூனை அதன் வழியாக வந்து, தின்றுவிட்டு, அதன் வழியாகவே போய்விடும். காம்பராவில் பூனைத் தீனி இருக்கிறது என்பது எனக்கும் பூனைக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை காலை. பிள்ளைகளுக்குப் பால் ஆற்றிக்கொண்டிருந்தேன். எண்ணிப் பார்த்தால் ஒன்று குறைந்தது. தேடினேன். என்னிடம் சண்டை போட்டவளின் குழந்தை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து எதையோ மென்றுகொண்டிருந்தது. இறுக்கிப் பிடித்த கையில் பாதி உருண்டை. வாயெல்லாம் கருவாட்டு மாவு. எனக்குச் சிரிப்புதான் வந்தது. "பூனச் சோத்தத் திங்கிறியாடி, ஒங்காத்தாவுக்குத் தெரிஞ்சா என்னத் தின்னுருவா" என்று சொல்லிக்கொண்டே அதைத் தூக்கி, முந்தானையால் வாயைத் துடைத்தேன்.

அந்த நேரத்தில் கணக்கப்பிள்ளை உள்ளே வந்தார்.

"நேத்து ஞாயித்துக்கெழம, புள்ளைங்க வராத நாளுன்னு எலி மருந்து வச்சிட்டுப் போனேன். பெரட்டு முடிஞ்சு வர நேரமாயிருச்சு. எடுத்துப்புடுறேன்" என்றார். பிறகு குழந்தையின் கையைப் பார்த்தார். "அது என்னா கையில?"

என் சிரிப்பு எங்கே போனது என்று தெரியவில்லை. எதில் வைத்து உருட்டினீர்கள் என்று கேட்டேன்.

"கருவாட்டுலதான். எலிக்குக் கருவாடுன்னா உசுரு."

ஆறு வைத்தாராம், அதில் இரண்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் எட்டிப் போட்டாராம். அவர் மற்ற மூலைகளில் தேடினார், மூட்டைக்குப் பின்னால் நான் தேடினேன்; காலியாகக் கிடந்த என் மூடியை முந்தானைக்குள் மறைத்தேன். ஐந்து கிடைத்தன. அவருடைய உருண்டையும் என்னுடையதும் அக்கா தங்கச்சி போல இருந்தன. அதே நிறம், அதே அளவு, அதே நாற்றம். என் மூடியில் சனிக்கிழமை எத்தனை மிச்சம் வைத்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

பக்கத்தில் குடியிருந்த கங்காணியின் மனைவியைக் கூப்பிட்டு மற்றப் பிள்ளைகளை ஒப்படைத்துவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கணக்கப்பிள்ளை கூடவே ஓடி வந்தார். வழியில் கண்டவர்களிடமெல்லாம் "புள்ள எலி மருந்தத் தின்னுருச்சு" என்று கத்தினார். யாரோ மலைக்கு ஓடித் தாயிடம் சொல்லப் போனார்கள். அது பூனைக்கு நான் வைத்ததாகவும் இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால், தீனி போடாதே என்ற உத்தரவை மீறினேன் என்று தெரிந்துவிடும். அந்தத் தாய் என்னைக் கிழித்துவிடுவாள். உயிர் போகிற நேரத்தில் அதையும் கணக்குப் பார்த்தது என் மனம். அந்த அரை மைலும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி என்றால் இரண்டு கட்டிலும் ஓர் அலுமாரியும்தான். மருந்து கொடுக்கிற ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். குழந்தையின் கண்ணை இழுத்துப் பார்த்தார், வாயை மோந்து பார்த்தார்.

"கருவாட்டு மணத்திலை ஒண்டும் பிடிபடேல்லை" என்றார். "லொறியும் பசறைக்குப் போயிட்டுது. அது திரும்பி வந்து பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பின்னேரமாகும். சத்தி எடுக்க மருந்து குடுக்கத்தான் வேணும். ஆனா இந்தப் பிள்ளை போன கிழமைதான் வயித்தோட்டத்தாலை படுத்து எழும்பினது. தாங்குமோ தெரியாது. நஞ்சுதான் எண்டு நிச்சயமோ?"

"நிச்சயந்தாங்க. ஒண்ணு கொறையுது" என்றார் கணக்கப்பிள்ளை.

ஐயா வாந்தி மருந்தைக் கலக்கத் தொடங்கினார். கரண்டி கண்ணாடிக் குவளையில் இடிக்கிற சத்தம் கேட்டது. குழந்தை என் தோளில் சாய்ந்து ஈரக் கையால் என் காதைப் பிடித்து விளையாடிக்கொண்டிருந்தது. இனியும் பேசாமல் இருந்தால் நான் மனுஷியில்லை.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. நானும் உருண்ட வச்சிருந்தேங்க. பூனைக்கு. அதே எடத்துல."

கணக்கப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஐயா கரண்டியை நிறுத்தினார்.

"அப்ப இது எது? உம்மடையோ, கணக்கப்பிள்ளையின்ரையோ?"

எனக்குத் தெரியவில்லை. பாதி உருண்டையை முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தேன். அவிழ்த்து உள்ளங்கையில் வைத்து மூன்று பேரும் பார்த்தோம். பார்த்து என்ன தெரியும்? அப்போதுதான் எனக்கு மூன்று தண்ணீர் ஞாபகம் வந்தது.

"கருவாட்ட ஊற வச்சீங்களா?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன்.

"எலிக்கு எதுக்கு ஊற வைக்கணும்? கழுவக்கூட இல்ல. அப்பிடியே இடிச்சு மாவுல பெசஞ்சேன்."

குழந்தையின் எச்சில் படாத பக்கத்தைக் கடித்தேன்.

"உமக்கென்ன விசரோ! துப்பும், துப்பும்!" என்று ஐயா கத்தினார்.

துப்பவில்லை. நாக்கில் வைத்து அழுத்தினேன். பயத்தில் வாய் வறண்டு முதலில் ஒன்றும் தெரியவில்லை. மென்றேன். சோற்றின் புளிப்பு வந்தது. கருவாட்டு வாசம் வந்தது. உப்பு வரவேயில்லை. இன்னொரு கடி கடித்து அதையும் விழுங்கினேன்.

"உப்பில்லீங்க. இது என்னோடது."

ஐயா குவளையைக் கீழே வைத்தார். "பிள்ளைக்கு இப்ப ஒண்டும் குடுக்கமாட்டன். ரெண்டு பேரும் இதிலை இருங்கோ. உமக்கு ஏதும் செய்தால் பிள்ளைக்கும் செய்யும், பாப்பம்" என்றார்.

சொல்லி முடிக்கவில்லை, தாய் வந்துவிட்டாள். கூடையை எங்கேயோ போட்டுவிட்டு, நனையாமலிருக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கோடே ஓடி வந்திருந்தாள். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐயாதான் நடந்ததைச் சொன்னார். அவள் என் பக்கம் திரும்பினாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன், அடித்தால் வாங்கிக்கொள்வது என்றும் முடிவு செய்தேன்.

"பூனைக்கு வச்சதா?" என்று கேட்டாள்.

"ஆமா புள்ள."

"மருந்து இல்லியே? பூனைக்கு வச்சதுதானே?"

"நானும் தின்னுருக்கேன். பூனைக்கு வச்சதுதான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்குப் போல நீளமான ஒரு பகலை நான் கண்டதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். ஐயா வந்து வந்து என் கண்ணையும் நாக்கையும் பார்த்தார். எனக்கு வயிறு பிசைந்தது. அது பயமா, நஞ்சா? உப்பில்லை என்று சொன்ன நாக்கையே சந்தேகப்பட்டேன். வலிக்கிறது என்று சொன்னால் அவள் உயிர் அங்கேயே போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். குழந்தை கொட்டாவி விட்டால் இரண்டு பேரும் குனிந்து பார்ப்போம். அது தூங்கியபோது, மூச்சு வருகிறதா என்று அவள் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு என் விரலையும் இழுத்து அங்கே வைத்தாள். வந்துகொண்டுதான் இருந்தது.

பின்னேரம் குழந்தை எழுந்து சோறு கேட்டு அழுதது. ஐயா சிரித்தார். தாய் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லயத்துக்கு நடந்தாள்.

நான் காம்பராவுக்குத் திரும்பினேன். பிள்ளைகள் எல்லாம் போய்விட்டிருந்தன. ஆறாவது உருண்டை எங்கே என்ற கேள்வி அப்போதுதான் எனக்கு வந்தது. பின்சன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தேன். தேயிலைச் செடிக்கு அடியில் பூனை கிடந்தது. கூப்பிட்டேன், அசையவே இல்லை.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போகிற வழியில் அவள் வந்தாள். குழந்தையை என்னிடம் தந்துவிட்டு, மடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்தாள். ஒரு கை நெத்தலிக் கருவாடு.

"பூனைக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டாள்.

பூனை இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையைக் கிள்ளினேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். மூன்றாவது தண்ணீரை நாக்கில் வைத்தபோது அழுகை வந்தது, குழந்தைகள் முன்னால் அழுதேன். காட்டுப் பூனை மாதிரித் திரிந்த அதற்கு, கருவாட்டு உருண்டை எங்கே கிடந்தாலும் அது தனக்குத்தான் என்று பழக்கியது நான்தான். ஒரு நாளும் உப்பு சேராமல் பார்த்துக்கொண்டேன். கடைசியாக அது தின்றது உப்போடு.