முன்பக்கத்துக் குமிழ்

ஏற்காட்டில் யார் பாட்டுப்பெட்டி வாங்கினாலும் அதை மாட்டிக்கொடுக்க ஜெப்சன்தான் வரவேண்டும். வந்தவுடன் வேலையைத் தொடங்கமாட்டான். செருப்பைக் கழற்றிவிட்டு, அறையின் மூலை மூலையாகப் போய் நின்று, அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று முனகுவான். எந்த மூலை கூடச் சேர்ந்து முனகுகிறதோ அங்கே வூஃபர் என்கிற அதிர்வுப்பெட்டியை வைக்கக்கூடாது என்பது அவன் கணக்கு. சாமி வந்துவிட்டதென்று தண்ணீர்ச் செம்போடு ஓடிவந்த வீட்டுக்காரிகளும் உண்டு.

விரலுக்குத் தகுந்த வீக்கம், அறைக்குத் தகுந்த அதிர்வு. இதுதான் ஜெப்சனின் கொள்கை. சின்ன அறையில் கல்யாண மண்டபத்து ஆம்ப்ளிஃபயரை வைத்தால் பாட்டு கேட்காது, அலமாரியில் இருக்கும் டம்ளர்தான் கேட்கும். வாங்குகிறவர்களிடம் சொல்லிப் பார்த்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். அவன் தெருமுனை திரும்புவதற்குள் அடிச்சத்தத்தைக் கூட்டும் பேஸ் குமிழை முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, பெட்டி சரியில்லை என்று போன் செய்தார்கள்.

அதற்குப் பிறகு ஜெப்சன் விவரமானான். பெட்டியின் முன்பக்கம் பளபளவென்று ஒரு பெரிய குமிழ் வைத்தான். திருப்பத் திருப்ப அதைச் சுற்றி நீல விளக்கு கூடும், குறையும். பாட்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. நிஜமான பேஸ் பெட்டியின் முதுகில், ஒரு ரப்பர் மூடிக்குள், சின்னத் திருகாணியாக ஒளிந்திருந்தது. அறையைப் பார்த்து அதை அவன் ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். ஆண்கள் முன்பக்கத்தில் ஆசைதீரத் திருப்பிவிட்டு, "இப்பத்தான் நெஞ்சுல வந்து அடிக்குது!" என்றார்கள். புகார் வருவது அடியோடு நின்றது.

தலைச்சோலையில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் வேலுசாமி வீட்டில்தான் கணக்கு தப்பியது. தை மாதம் மாட்டப் போனபோது கூடத்தில் சுவரே தெரியாமல் காப்பி மூட்டை அடுக்கியிருந்தது. ஜெப்சன் முனகிப் பார்த்தான். ஒரு மூலையும் பதில் சொல்லவில்லை. மூட்டைகள் சத்தத்தை விழுங்கிக்கொண்டிருந்தன.

"ஏனுங்கண்ணா, இதெல்லாம் எப்பங்க போவும்?"

"வெலை ஏறாம ஒரு மூட்டை நகராது ஜெப்சா. மழைக்காலம் வரைக்கும் இங்கதான் கெடக்கும்."

காப்பிக்காரர் விலையைப் பற்றிச் சொன்னதை நம்பி, முதுகுத் திருகாணியைத் தாராளமாகவே திருப்பி வைத்துவிட்டு வந்தான். மாசியிலேயே விலை ஏறியது.

பங்குனியில் ஒரு காலை. கடையில் ஆசிர் உட்கார்ந்திருந்தார். லாட்ஜ் நடத்துகிறவர், அன்று சாயங்காலம் அவர் வீட்டில் பெட்டி மாட்டவேண்டும். அந்த நேரம் பார்த்து வேலுசாமியின் மனைவி தனலட்சுமி, ஊர் ஆட்களை ஏற்றிவரும் ஜீப்பிலிருந்து இறங்கி வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து, எதையோ மேசைமேல் வைத்தாள். முன்பக்கத்துக் குமிழ்.

"தம்பி, இது உங்களுதுங்களா?"

ஜெப்சன் வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தான். இவள் ஜீப்பில் ஒரு வார்த்தை விட்டால் போதும், மஞ்சக்குட்டை வரைக்கும் வீட்டுக்கு வீடு குமிழைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். அத்தோடு கடையை மூடவேண்டியதுதான்.

"கழண்டுக்கிச்சுங்களாக்கா? மாட்டிரலாங்க."

"கழறலீங்க, நாந்தான் புடுங்குனேன். மூட்டையெல்லாம் போனதுல இருந்து ஊடே கிடுகிடுங்குது. சட்டிபானை தானா ஆடுது. இதத் திருப்புனா வெளக்கு அணையுது, இடி நிக்கல."

ஆசிர் குமிழை எடுத்து உள்ளங்கையில் உருட்டினார். "நல்ல கனம். எனக்கும் இதே மாதிரிதான வெக்கறீங்க?"

"இ... இதேதானுங்க."

தனலட்சுமி ஆசிரைப் பார்த்துச் சிரித்தாள். "நீங்க மரியா ஊட்டுக்காரருதானுங்களே? நொம்ப நல்ல வேலைக்காரருங்க இவரு. இவரு சூட்சுமத்தச் சொன்னா நீங்க..."

"அக்கா, ஜீப்பு கெளம்பிரும், வாங்க!" ஜெப்சன் ஆசிர் கையிலிருந்த குமிழை வாங்கிக்கொண்டு, அவளுக்கு முன்னால் ஓடிப்போய் ஏறிக்கொண்டான்.

தலைச்சோலையில் கூடம் வெறிச்சென்று இருந்தது. முனகியதும் எல்லா மூலையும் சேர்ந்து திருப்பித் திட்டின. போதாததற்கு, அழகாக இருக்கட்டும் என்று வேலுசாமி பெட்டியை மூலையோடு மூலையாகத் தள்ளி வைத்திருந்தார். ஜெப்சன் அதை வெளியே இழுத்து, ரப்பர் மூடியைக் கழற்றி, பாட்டை ஓடவிட்டு, திருப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தான். அடுக்களையில் சட்டிபானை ஆட்டத்தை நிறுத்தியது. தோளுக்குப் பின்னால் தனலட்சுமி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நெசமானது இதுங்களா?"

"ஆமாங்க்கா. அண்ணன் வந்ததும் நானே சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கறனுங்க."

"ஐயோ சாமி, காரியத்தக் கெடுத்துராதீங்க!" அவன் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டாள். "எந்தப் பக்கம் திருப்புனா கொறையுங்க?"

குமிழை மறுபடி பொருத்தி முடிக்கவும் வேலுசாமி தோட்டத்திலிருந்து வரவும் சரியாக இருந்தது. பாட்டைப் போட்டு, குமிழைக் கடைசிவரை திருப்பினார். நீல விளக்கு எரிந்தது.

"பாத்தியா? ஜெப்சன் கை வெச்சா வெச்சதுதான். நெஞ்சுல வந்து அடிக்குது!"

"கொஞ்சம் கொறைங்க, காது அடைக்குது," என்றாள் தனலட்சுமி, முகத்தில் சிரிப்பே இல்லாமல். திருப்புளி அவள் சாவிக்கொத்தோடு இடுப்பில் தொங்கியது. ஜெப்சன் அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

தப்பித்தோம் என்ற நிம்மதியில் சாயங்காலம் ஆசிர் வீட்டில் பெட்டியை மாட்டினான். ஆசிர் பிஸ்கட் வாங்க வெளியே போனதும் மரியா கதவைச் சாத்தினாள்.

"நெசமானது எங்கீங்க இருக்குது?"

"யா... யாருங்க சொன்னாங்க?"

"தனலட்சுமியக்காகிட்டத்தான நாங்க காப்பிக்கொட்டை வாங்கறது. மத்தியானமே போன் பண்ணிட்டாங்க."

"வேற யாருக்கெல்லாங்க சொன்னாங்க?"

"பயப்படாதீங்க. பொம்பளைங்களுக்கு மட்டுந்தான்."

அடுத்த வாரத்திலிருந்து ஜெப்சன் பெட்டியோடு ஒரு சின்னத் திருப்புளியும் இலவசமாகக் கொடுக்கிறான். அதை வீட்டுக்காரர் கண்ணில் மட்டும் காட்டுவதில்லை.