புறங்கையால் தொட்டுப் பார்த்தவர்

அமெரிக்காவில், டெக்சஸின் பிளானோவில் எங்களுக்கு இட்லி மாவு கொண்டுவந்து தருபவர் அவர். ஐம்பது வயதிருக்கும். சுடிதாருக்கு மேல் ஆண்கள் அணியும் தடித்த ஜாக்கெட். காரிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு டப்பாவையும் புறங்கையால் தொட்டுக் குளிர்ச்சி பார்ப்பார்.

தீபாவளிக்கு ஹாலில் போட்ட சீரியல் லைட்டைக் கழற்றாமல், அதன் முனையிலேயே கிறிஸ்துமஸ் மரத்து விளக்குகளையும் இணைத்திருந்தோம். எல்லாம் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில். கால் தடுக்கக் கூடாதென்று அந்த வயரைக் கம்பளத்துக்கு அடியில் விட்டது நான்தான். பள்ளியிலிருந்து வந்த என் ஏழு வயது மகள் அந்தக் கம்பளத்தின் மேலேயே தூங்கிப்போயிருந்தாள்.

அன்று பெல் அடித்தவர், நான் கதவைத் திறந்ததும் மூக்கை உறிஞ்சினார்.

"என்னம்மா, ஏதோ கருகற வாடை வருது?"

"புது பிளாஸ்டிக் மரம் ஆன்ட்டி, அதான்."

அவர் உள்ளே வந்து கம்பளத்தில் புறங்கையை வைத்தார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"பாப்பாவ மொதல்ல தூக்கும்மா!"

தூக்கினேன். அவர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பளத்தைப் புரட்டினார். வயர் உருகியிருந்தது; மகள் படுத்திருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கம்பளத்தின் அடிப்பக்கம் கறுத்திருந்தது.

"ரெண்டு எஞ்சினியர் இருக்கற வீடுன்னு வெளில சொல்லிடாதீங்கம்மா," என்றார். என்னால் சிரிக்க முடியவில்லை.

"அம்மா, ஒய் ஆர் யூ க்ரையிங்?" என்றாள் தோளில் கிடந்தவள்.

வழக்கமாக அவர் டப்பாவை வாசலில் வைத்துவிட்டு, மெசேஜ் அனுப்பிவிட்டுப் போய்விடுவார். அன்று மட்டும் எதற்குப் பெல் அடித்தார் என்று நான் கேட்கவே இல்லை. இன்றும் கேட்கப் பயமாக இருக்கிறது.