நான் வெட்டிய ஆறு வரிகள்

என் மனைவி சூழலியல் ஆய்வாளர். சங்கரன்கோவிலிலிருந்து குருவிகுளம் போகிற வழியில், மழையை மட்டும் நம்பியிருக்கும் ஒரு குளம்தான் அவளுடைய ஆய்வுக்களம். ஆறு மழைக்காலம் அந்தக் கரையில் நடந்தாள். எந்த இடத்தில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது, எந்த ஆழத்தில் எந்தப் பறவை இரை தேடியது என்று குறித்துக்கொண்டே போனாள்.

அவள் கண்டுபிடித்தது எளிமையானது. குளத்தில் மேலே படிந்திருப்பது வண்டல். அதை முழங்கால் அளவுக்கு அள்ளினால் போதும். அதற்குக் கீழே களிமண். தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். களிமண்ணுக்கு அடியில் வெள்ளைச் சுக்கான்கல். அதில் தண்ணீர் நிற்காது. மேற்குப் பக்கத்துச் சரிவைத் தொடவே கூடாது. பவளக்காலி, உள்ளான் போன்ற பறவைகள் மேய்வது அங்கே நிற்கும் கணுக்கால் தண்ணீரில்தான்.

நான் அப்போது ஒரு நாளிதழில் இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்துக்கு அவளுடைய ஆய்வைப் பற்றி எழுதினேன். செய்தி எழுதுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. முக்கியமானதை மேலே வைப்போம். இடம் போதாவிட்டால் வெட்டக்கூடியதைக் கீழே வைப்போம். தூர்வாரினால் குளம் பிழைக்கும், கிணறுகள் ஊறும் என்பதையெல்லாம் மேலே வைத்தேன். எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் என்பது கடைசிப் பத்தியில் இருந்தது. சனிக்கிழமை மாலை ஒரு விளம்பரம் வந்தது. ஆறு வரி குறைக்கச் சொன்னார்கள். நானே குறைத்தேன்.

அந்தச் செய்தியைக் கத்தரித்து ஊர்க்காரர்கள் டீக்கடையில் ஒட்டிவைத்தார்கள். அதே வாரம் அவளுடைய அம்மாவுக்கு மதுரையில் அறுவைச் சிகிச்சை. அங்கே போனவள் மூன்று வாரம் கழித்துத் திரும்பினாள். மறுநாள் இருவரும் குளத்துக்குப் போனோம்.

கல்குவாரி போல இருந்தது. மேற்குச் சரிவு செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. கரை நெடுக வெள்ளைக் கட்டிகள் குவிந்து கிடந்தன. விவசாயிகள் சங்கத் தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“வாங்கம்மா, எப்படி இருக்கு? நீங்க வாரதுக்குள்ள முடிச்சிரணும்னு ஒத்தக்கால்ல நின்னோம்லா.”

“பொக்லைன்காரன் போதும் போதும்னான்,” என்றார் அவருடைய தம்பி. “ஏலே, பேப்பர்லயே போட்டிருக்கு, நீ என்ன பெரிய இஞ்சினியரா, தோண்டுலேன்னுட்டேன்.”

“இனி ஒங்க குருவிக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் குடுக்கணும்மா,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அவள் ஒரு வெள்ளைக் கட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்தாள். “மழை வரட்டும்” என்று மட்டும் சொன்னாள்.

ஐப்பசியில் நல்ல மழை. குளம் நிரம்பியது. அதை நம்பி நாற்றங்கால் போட்டார்கள். காலையில் போய்ப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் ஒரு படி இறங்கியிருந்தது. கார்த்திகை பாதியில் தரை தெரிந்தது. நாற்று நடுவதற்கு முன்பே பழுத்துப்போனது.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். “படிச்சவுக சொன்னதத்தான செஞ்சோம்? எங்கன தப்பாப் போச்சு?” என்று தலைவர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் எழுந்தாள்.

“எவ்வளவு ஆழம்னு நான் சரியாச் சொல்லாம விட்டுட்டேன் அண்ணாச்சி. தப்பு என் மேலதான்.”

யாரும் திட்டவில்லை. நாற்றங்கால் போட்டிருந்த ஒரு பெண் மட்டும், “நீங்க எங்க கொளத்துப் பக்கம் வராமலே இருந்திருக்கலாம்மா” என்றாள். அப்போதும் நான் எழவில்லை.

ஏன் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்று பஸ்ஸில் கேட்டேன்.

“பேப்பர் வந்த அன்னைக்கே பார்த்தேன், கடைசிப் பத்தி இல்ல. நீங்க நாலு பேப்பர் வாங்கிட்டு வந்து சந்தோஷமா நின்னீங்க. குளத்த வெட்டுறதுக்கு முன்னால ஊர்ல எப்படியும் என்கிட்டக் கேப்பாங்கன்னு நினைச்சேன்.”

அடுத்த வாரம் நான் தனியாகப் போய்த் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். “அப்பம் அந்தம்மா மேல தப்பில்லியா?” என்றார். பிறகு, “அவுகள வரச் சொல்லும்வே. இன்னும் என்னமும் செய்ய முடியுமான்னு பாப்போம்” என்றார். அதுவரை என்னை ‘சார்’ என்று கூப்பிட்டவர், இப்போது ‘வே’ என்றார்.

அதை அவளிடம் சொன்னேன். மழை கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்த களிமண் அது, அள்ளிப் போட்டு அடைக்க முடியாது என்றாள். பிறகு, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது என்றாள்.

இப்போது ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். குருவிகுளம் பக்கம் போகவேண்டி வந்தால், பஸ் அந்தக் குளத்தை நெருங்கும்போது கைப்பையைத் திறந்து எதையோ தேடுகிறாள். கரை கடந்ததும் மூடிவிடுகிறாள். எதையும் எடுப்பதில்லை.