கூட்டுக் கம்பெனி மாப்பிள்ளை

செல்போன் டவர் உச்சியில் மாட்டுகிற கருவிகளைத் தயாரிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. உள்நாட்டுக் கம்பெனி ஒன்றும் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றும் கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தது. கம்பெனி கொடுத்த சட்டையில் இடது பக்கம் ஒன்றின் முத்திரை, வலது பக்கம் மற்றதன் முத்திரை, முதுகில் மூன்றாவதாக ஒரு பெயர். எந்தப் பெயரைச் சொல்லிக்கொள்வது என்று ஃபேர்லேண்ட்ஸ் ஏரியாவில் இருக்கிற ஆபீசில் சேர்ந்த நாளிலிருந்தே எனக்குக் குழப்பம்தான்.

திருச்செங்கோட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போனோம். பெண்ணை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அவளுக்கும் பிடித்திருப்பதாக அவளுடைய சித்தி வந்து சொன்னார். ஜாதகமும் பொருந்தியிருந்தது. பெண்ணின் அப்பா ஒரு காலத்தில் லாரியும் கம்ப்ரசருமாக போர்வெல் போடும் ரிக் வண்டியை இன்னொருவரோடு கூட்டாக வைத்திருந்தவர். அவர் என் வேலையைப் பற்றி விசாரித்தபோது, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், கூட்டுக் கம்பெனி என்று பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். மனுஷன் முகம் சுருங்கிவிட்டது.

“ஏனுங்க தம்பி, கூட்டுப் பிரிஞ்சா நீங்க யாரு பங்குக்குங்க?”

இதென்ன கேள்வி! பங்கு போட்டு எடுத்துக்கொள்ள நான் என்ன கம்ப்ரசரா? கோபம் வந்தது. கம்பெனியில் கேட்டுச் சொல்கிறேன் என்று கிளம்பி வந்தேன்.

உள்நாட்டுக் கம்பெனி சார்பில் இருக்கும் மேனேஜரிடம் கேட்டேன். உன்னை வேலைக்கு எடுத்தது வெளிநாட்டுக்காரர்கள், அங்கே போய்க் கேள் என்றார். அங்கே போனால், ஆட்கள் விஷயமெல்லாம் உள்நாட்டுக்காரர்கள் பொறுப்பு என்றார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. சம்பளம் ஒழுங்காக வருகிறது. யாருடைய ஆளாக அதை வாங்குகிறேன் என்று யோசித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாகவே பெண்ணின் அப்பாவைப் பார்க்கப் போனேன். பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, “தெரியலைங்க” என்பதுதான். வேண்டுமானால் வேறு வேலை பார்த்துக்கொள்கிறேன் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன். அவளை விட்டுவிட எனக்கு மனசே இல்லை.

அவர் கோபப்படவில்லை. தன் கூட்டுப் பிரிந்த கதையைச் சொன்னார். லாரி அவருக்கு, கம்ப்ரசர் கூட்டாளிக்கு என்று பிரித்துக்கொண்டார்களாம். வண்டியில் வேலை செய்தவர்கள் பையோடு ஷெட்டில் நின்றார்களாம். உன் ஆளுங்க என்றாராம் கூட்டாளி. இல்லை, உன் ஆளுங்க என்றாராம் இவர்.

“அண்ணா அண்ணான்னு என்னையச் சுத்துனவிங்க. வேண்டாம்னு சொன்னது நானுங்க. கூட்டுப் பிரிஞ்சா ஆளுங்க கதி என்னன்னு தெரிஞ்சும் எப்படிங்க தம்பி பொண்ணக் குடுப்பேன்?”

அவரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று தெரியவில்லை. வருகிறேன் என்று எழுந்தேன். சாப்பிடாமல் போகக் கூடாது என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். இலையில் சோறு போட வந்தது அவள்தான்.