நாலடி நீர் உள்ள காய்ந்த ஏரி

எழுபதுகளின் நடுவில், ஒரு மார்கழியில், காஞ்சிபுரத்திற்கு அருகே ஓர் ஏரியைப் பார்ப்பதற்காக மட்டும் சென்னையிலிருந்து புறப்பட்டேன். ஆற்று நீரை எந்த ஏரிக்கு எத்தனை நாள் விடுவது என்பதை அவ்வாண்டு முதல் கம்ப்யூட்டர் கணக்கிட்டது. அந்த ஏரியை நம்பியிருந்த என் கட்சிக்காரர் வரதனின் மூன்று ஏக்கர் சம்பா, கதிர் தள்ளும் பருவத்தில் நீரின்றி நின்றது. சென்னையிலிருந்தபடியே மூன்று மனுக்கள் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: ஏரியில் நாலடி நீர் இருப்பதாகக் கம்ப்யூட்டர் காட்டுகிறது, எனவே இம்முறை நீர் இல்லை.

பாரிமுனையில் காலை 6.15 பேருந்து. கட்டணம் இரண்டு ரூபாய் எண்பது பைசா. தூரம் 75 கி.மீ. இரண்டரை மணி நேரம் என்றார்கள், 9.20க்குச் சேர்ந்தேன். வாடகை சைக்கிள் மணிக்கு 25 பைசா. பிரேக் பிடிக்காது என்பதைக் கடைக்காரர் முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. நெசவாளர்கள் தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்த இரண்டு தெருக்களில் இறங்கித் தள்ள நேர்ந்தது. முசரவாக்கம் தாண்டி ஏரியை அடைந்தபோது மணி 10.50.

ஏரிக்குள் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. கரையில் வரதனும், நீர் அளவு எழுதும் தணிகாசலமும் காத்திருந்தனர். நாலடி எங்கே என்று கேட்டேன். மதகருகே ஒரு பள்ளத்தைத் தணிகாசலம் காட்டினார். அளவுக்கல் அதற்குள் நின்றது; அதைச் சுற்றி, மறுக்க இயலாதபடி, நாலடி நீர்.

"தெனம் வந்து பாக்குறேன் சார். கல்லு காட்றத எழுதுறேன்."

"ஏரி காய்ந்து கிடக்கிறதே?"

"அத எழுத ஃபாரத்துல எடம் இல்லீங்களே."

அந்த நாலடியை ஏரியின் முழுப் பரப்பால் கம்ப்யூட்டர் பெருக்கியிருக்கிறது. கல் எப்படிப் பள்ளத்திற்குள் வந்தது என்று விசாரித்தேன். வரதன் தலையைச் சொறிந்தார்.

"வயலுக்கு வண்டல் எடுத்தோம் வக்கீல் ஐயா. வண்டி நிறுத்த இங்கதான் தோது. தோண்டறப்ப கல்லு சாஞ்சிடுச்சி. கவுர்மெண்ட்டு கல்லு, அப்டியே உட முடியுமா? நிமித்தி நட்டோம்."

"பள்ளத்திலேயா?"

"உழுந்த எடத்துலதானே நடணும்?"

"தூக்குக்குண்டு புடிச்சதே இவருதான் சார்," என்றார் தணிகாசலம். "ஒரு நூல் சாயாது."

அலுவலகத்தின் பிழை என்று மூன்று மனுக்களில் நான் வாதிட்டது இதைத்தான்.

"இப்பவே புடுங்கி மேட்டுல நட்டுட்டா ஆச்சி," என்றார் வரதன். சாட்சியத்தைக் கலைக்கலாகாது என்று தடுத்தேன். நடந்ததை இரண்டு பிரதிகளாக எழுதி வரதனிடம் கையொப்பம் பெற்றேன். தணிகாசலம் கையெழுத்திட அரை மணி நேர வாதம் தேவைப்பட்டது. மாலை 3.30க்குக் காஞ்சிபுரம் அலுவலகத்தில் கொடுத்தேன். எழுத்தர் வாங்கி வைத்துக்கொண்டார்.

"இந்த முறைக்குத் தாள் அடிச்சாச்சு சார். மெஷினுக்கு நடுவுல சொல்ல முடியாது. அடுத்த முறைக்குச் சேத்துடலாம்."

அடுத்த முறை பதினைந்து நாள் கழித்து.

பதினாறாம் நாள் நீர் வந்தது. மதகை ஒட்டிய ஓர் ஏக்கர் பிழைத்தது. மற்ற இரண்டையும் வரதன் மாட்டுக்கு அறுத்துப் போட்டார். "மாடு நல்லா துன்னுச்சி வக்கீல் ஐயா," என்றார், என்னைக் குறை சொல்லாமல்.

இத்தகைய காரியமாகப் போகிறவர்கள் 5.30 பேருந்தைப் பிடிப்பது நலம். பதினொன்றுக்குள் கள ஆய்வை முடித்தால் அன்று பகலிலேயே அலுவலகம் செல்லலாம். சைக்கிளை வாங்குமுன் ஓட்டிப் பாருங்கள். மனு எழுதுமுன் இடத்தைப் பாருங்கள். என் முதல் மனுவுக்குக் கார்த்திகைத் தேதி. அன்றே நான் பேருந்து ஏறியிருந்தால், திருத்தம் உரிய தாளில் ஏறி, அந்த இரண்டு ஏக்கரும் களத்துக்கு வந்திருக்கும் என்றே கருதுகிறேன்.