இழுப்புக்காரப் பிள்ளையோடு மாட்டுங்காவுக்கு

என் தங்கை பொன்னம்மாளின் மகனுக்குக் கைக்குழந்தையிலிருந்தே நெஞ்சில் இழுப்பு. ஒன்றரை வயதாகியும் உடம்பு தேறவில்லை. யுத்தம் முடிந்த வருஷம், ஆடி மழையில், எடை போட்டுப் பார்க்க மாட்டுங்கா டாக்டரம்மாவிடம் கொண்டுபோனோம். இதற்கெல்லாம் என்னை விட்டால் தாராவியில் ஆள் கிடையாது. இதே காரியமாகப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

தூரம் இரண்டு மைல். ஈரக்காற்று பிள்ளைக்கு ஆகாதென்று குதிரை வண்டி பிடித்தேன். எட்டணா கேட்ட வண்டிக்காரர் என் இந்தியில் மயங்கி ஆறணாவுக்கு இறங்கினார். பந்தயத்தில் ஜெயித்த குதிரையாம். வழியில் சயானில் மழைத்தண்ணீர் அதன் கழுத்துவரை. பொன்னம்மாளைக் கேட்டால் கணுக்கால் என்பாள். அவள் எங்கே தண்ணீரைப் பார்த்தாள், பிள்ளையின் மூச்சையல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்.

தராசில் நம் பிள்ளை குறைந்து நிற்கலாமா? வழியிலேயே வாழைப்பழம் ஊட்டினேன். வெள்ளித் தண்டையையும் கழற்றவிடவில்லை.

என்ன சாப்பிடுகிறான் என்று டாக்டரம்மா கேட்டார். மூன்று இட்லி, அரைப்படிப் பால் என்றேன். பொன்னம்மாள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். வெளியாள் முன்னால் அண்ணன் பேச்சை மறுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. டாக்டரம்மா தண்டை, சட்டை எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிள்ளையைத் தராசுத் தட்டில் வைத்தார். உயரம் அளந்தார், புஜத்தில் நாடா சுற்றினார். எடை ரொம்பக் குறைவு. இவ்வளவு பால் குடித்தும் இப்படியென்றால் வயிற்றில்தான் கோளாறு, பாலை நிறுத்திப் பார்க்கலாம் என்று பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் அரைஞாண் கயிறு அவர் கண்ணில் பட்டது. முடிச்சுக்கு அப்பால் ஒரு சாண் தொங்கியது. ஏன் என்றார்.

"நழுவி நழுவி விழுந்துச்சும்மா. நான்தான் இறுக்கிக் கட்டினேன்," என்றாள் பொன்னம்மாள். பிறகு என்னைப் பார்க்காமலே, "எங்க அண்ணன் பிரியத்துல சொல்லுதாவ. இவன் ரெண்டு வாய் குடிப்பான். மூச்சு முட்டும், விட்டுருவான்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "குடிக்கறதெல்லாம் மூச்சு விடவே செலவாயிடறதும்மா."

பாலை நிறுத்தவில்லை. நிமிர்த்தி உட்காரவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலதரம் கொடுக்கச் சொன்னார். கஞ்சியில் நெய் விடவேண்டும். மாதாமாதம் அதே தராசில் எடை பார்க்கவேண்டும்.

போகிறவர்கள் கவனிக்க: காலையிலேயே போனால் கூட்டமில்லை. தண்டையை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வழியில் ஒன்றும் ஊட்டவேண்டாம். ஊட்டுகிறவளைப் பேசவிடுங்கள்; வண்டிக்காரரிடம் நாம் பேசிக்கொள்ளலாம்.

மார்கழியில் போனபோது அரைஞாண் முடிச்சைப் பொன்னம்மாள் இரண்டு விரற்கடை தளர்த்திக் கட்டியிருந்தாள். என்ன சாப்பிடுகிறான் என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார். நான் தங்கையைப் பார்த்தேன்.

"எங்க அண்ணன் மாதிரியே தின்னுதான்," என்றாள்.

டாக்டரம்மா நம்பாமல் பிள்ளையைத் தராசில் வைத்தார். எடை கூடியிருந்தது; உண்மைதான்.