அத்தானின் நெஞ்சுப் படம்

எக்ஸ்ரே வண்டி கம்பெனி வாசலுக்கு வரும் நாளை நாங்கள் கோயில் கொடை விழா மாதிரி எதிர்பார்த்தோம். இப்போது நினைத்தால் செருப்பைக் கழற்றி என்னையே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அது ஒரு கெமிக்கல் கம்பெனி. பெயர் வேண்டாம். தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து கான்ட்ராக்டர் வேனில் முக்கால் மணி நேரம். அக்காவைக் கட்டிய அத்தான்தான் என்னை அங்கே சேர்த்துவிட்டார். நீராவிக் குழாய்களில் சூடு குறையாமல் இருக்க, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கயிறு சுற்றுவது எங்கள் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை ஷட்டவுன் வரும். ஆலை ஓய்வெடுக்கும், நாங்கள் ஓய மாட்டோம். பழைய சுற்றையெல்லாம் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது, அவ்வளவு தூசி. மூக்கில் கட்டிக்கொண்டது எங்கள் வீட்டுத் துண்டு. பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் இருந்தார். ஏ.சி. அறையின் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அவர் மிகவும் பாதுகாப்பாக இருந்தார்.

அத்தானின் சட்டையை அக்கா முதலில் வாசலில் நின்று நாலு உதறு உதறிவிட்டுத்தான் ஆற்றுக்கு எடுத்துப் போவாள். அந்தத் தூசியை அவளும் சுவாசித்தாள். அது விஷம் என்று எங்களுக்கு ஒருவனும் சொல்லவில்லை. தெரிந்தவர்கள் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்தார்கள் என்றுதான் இன்றுவரை நம்புகிறேன்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் வருஷம் ஒரு நெஞ்சுப் படம் எடுக்கவேண்டும் என்று கம்பெனி சொன்னது. படம் சரியில்லை என்றால் வைத்தியம் கிடையாது, உள்ளே போகக் கேட் பாஸும் கிடையாது. அதனால் இருமுகிற எவனும் அந்த வண்டியில் ஏறியதில்லை. நெஞ்சு நன்றாக இருக்கிறவன் இருமுகிறவனுடைய டோக்கனை வாங்கிக்கொண்டு ஏறுவான். இது எங்களுக்குள் ஒரு முறையாகவே நடந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் அனுப்புவது போல, யாருக்காக யார் போவது என்று முதல் நாளே பேசி முடித்துவிடுவோம். மேஸ்திரிக்குத் தெரியும். அவர்தான் ஆளைப் பொறுக்கினார்.

"ஏலே, நீ ஏறு. மூச்ச இழுத்துப் பிடிச்சு அசையாம நில்லு. ஒன் நெஞ்சுக்கு என்னலே கொற!"

அந்த வருஷம் நான் மூன்று தடவை ஏறினேன். ஒன்று எனக்கு, ஒன்று இன்னொருவனுக்கு, மூன்றாவது அத்தானுக்கு. படம் எடுத்தவன் டோக்கன் நம்பரைப் பார்த்தான், முகத்தைப் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் அத்தான் எனக்குப் புரோட்டாவும் சால்னாவும் வாங்கிக் கொடுத்தார்.

"இன்னும் ஒரு வருசத்துக்குக் கவல இல்ல மாப்ள" என்று சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்தது. நான் சிரித்தேன். கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைப்பு.

அடுத்த ஷட்டவுனுக்கு முன்பே அத்தானால் ஏணியில் ஏற முடியவில்லை. மேஸ்திரி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். வருஷங்கள் போயின. இப்போது அவரால் தெருக்குழாய் வரைக்கும்கூட நடக்க முடியாது. கட்டிலில் தலையணையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குகிறார். ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்ட பிறகுதான் நோயின் பெயரே தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் தூசி நுரையீரலைக் கெட்டியாக்கிவிட்டதாம்.

பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலம்மாவைப் பிடித்தோம். ஈ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் அந்த வழியில் போகலாம் என்றார். கான்ட்ராக்டர் கார்டு போடவே இல்லை. அப்படியானால் தொழிலாளர் அதிகாரியிடம் இழப்பீட்டு மனு போடலாம், கான்ட்ராக்டர் காணாமல் போனாலும் கம்பெனி பதில் சொல்லியாக வேண்டும் என்றார். இந்த நோய் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறதாம். வேலையால் வரவில்லை என்றால் அதைக் கம்பெனிதான் காட்ட வேண்டுமாம். கேட்கக் கேட்க எனக்கு மனசு குளிர்ந்தது. வேலை பார்த்த கடைசி வருஷமே அத்தானுக்கு மூச்சு வாங்கியது என்று மனுவில் எழுதினோம்.

கம்பெனி காட்டியது. அத்தானின் டோக்கன் நம்பர் போட்ட நெஞ்சுப் படத்தைத் தாக்கல் செய்தது. கடைசி வருஷத்தில் நுரையீரல் சுத்தமாக இருந்திருக்கிறது, ஆகவே மனுதாரர் பொய் சொல்கிறார், நோய் அவர் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையிலிருந்து வந்திருக்கலாம் என்று பதில் மனு. கூரையை என்ன, போர்த்திக்கொண்டா படுத்தார்?

வக்கீலம்மா அந்தப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நான் எழுந்து கிட்டே போனேன். கழுத்துக்குக் கீழே, வலது பக்கக் காறை எலும்பு நடுவில் முண்டு தட்டியிருந்தது. சின்ன வயதில் ஆற்று மண்டபத்திலிருந்து தண்ணீர் இல்லாத இடத்தில் குதித்து நான் உடைத்துக்கொண்ட எலும்பு அது. கோணலாகவே கூடிவிட்டது. சட்டையைக் கழற்றினால் இன்றைக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா கையிலிருந்த செம்பை என் மேல் எறிந்தாள்.

"அவுகளுக்குப் பதிலா நீயா நின்ன? சீக்காளிக்கு நல்ல நெஞ்சக் காட்டி அவுகள இன்னும் தூசிக்குள்ள அனுப்பிருக்கியேல! நாசமாப் போறவனே!"

அத்தான்தான் குறுக்கே வந்தார். மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று நின்று பேசினார். "நான்லா... அவனப் போகச் சொன்னேன். நீ ஒண்ணும் சொல்லாத மாப்ள... ஒன் வேல போயிரும்." நான் அப்போதும் அதே கம்பெனிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

போனால் போகட்டும் என்று விசாரணையில் போய் நின்றேன். கம்பெனி வக்கீலுக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "அப்படியானால் ஆள்மாறாட்டம் செய்து கம்பெனியை ஏமாற்றியதை ஒப்புக்கொள்கிறீர்கள்?"

"ஆமா, செஞ்சேன். படம் எடுத்த அன்னைக்கு ஒங்க ஆளு ஒருத்தன் மூஞ்சியப் பாத்திருந்தா நான் ஏமாத்தியிருக்க முடியுமா வே? இருமுதவனுக்கு வைத்தியம் பாத்திருந்தா, எவன் வே அடுத்தவன் டோக்கன வாங்குதான்?"

தொழிலாளர் அதிகாரி என்னை அடக்கினார். சாட்சி சொன்னால் போதாது, மனுதாரரையும் இவரையும் புதிதாகப் படம் எடுத்து, டாக்டர் ஒப்பிட்டு எழுதித் தரட்டும் என்றார். மறுநாள் என் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். எதிர்பார்த்ததுதான். ஆனாலும் ஆத்திரம் அடங்கவில்லை. கேட்டில் நின்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன்.

புதுப் படம் எடுத்த இடத்தில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் நிற்கச் சொன்ன நேரத்துக்கு மேலேயும் நின்று காட்டுவேன். இந்தத் தடவை பாதியிலேயே இருமிவிட்டேன். பயம்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டரின் அறிக்கை இங்கிலீஷில் இருந்தது. வக்கீலம்மா படித்துச் சொன்னார். "எலும்பு ஒண்ணேதான். உங்க அத்தானுக்கு அந்த முறிவே இல்லை. பழைய படம் உங்களுடையதுதான்னு எழுதிட்டார். இனி அவங்களால அசைக்க முடியாது." நான் மேஜையில் ஓங்கித் தட்டினேன். அவர் சிரிக்கவில்லை. தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, "கீழே இன்னும் ரெண்டு வரி இருக்கு அண்ணாச்சி" என்றார். எலும்புதான் ஒன்று, என் நுரையீரல் அந்தப் பழைய படத்தில் இருந்ததுபோல் இப்போது சுத்தமாக இல்லை என்பது அந்த இரண்டு வரி.

வீட்டுக்குப் போனதும் அத்தான் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கேஸு... நிக்குமா மாப்ள?"

"நிக்கும் அத்தான்."

"பொறவு ஏன் மூஞ்சி... இப்படி இருக்கு?"

அக்கா காப்பியோடு வந்து நின்றாள். அவளிடமிருந்து மறைக்க முடியாது.

"இன்னொரு மனுவும் போடணுமாம்" என்றேன். "எம் பேர்ல."